மாவு, பன்னீர் யூனிட்: உணவு படும் பரப்புக்குக் கிருமி வரம்பு எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

அம்பத்தூர் க்யூஏ

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நடுத்தர யூனிட்டில் க்யூஏ, அதாவது தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு ஹாலில் இட்லி தோசை மாவு, இன்னொரு ஹாலில் பன்னீர். ஆட்கள் தனித்தனி, கழுவுகிற டீமும் கெமிக்கலும் மட்டும் பொது.

எங்களிடம் சரக்கு எடுக்கிற கடைக்காரர்கள் சார்பில் போன வாரம் ஆடிட் வந்தது. பூச்சிக் கட்டுப்பாடு, தண்ணீர் ரிப்போர்ட், மெடிக்கல் எல்லாம் ஓடிவிட்டது. ஸ்வாப் (பரப்பைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கிற கிருமி மாதிரி) ஃபைலைத் திறந்ததும் ஆடிட்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வரம்பு 100 என்று போட்டிருக்கிறீர்களே, இந்த 100 எங்கிருந்து வந்தது?" எஸ்ஓபி (வேலை முறையை எழுதி வைத்த தாள்) எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. "மொத்த கவுன்ட் 100-க்குள் இருக்க வேண்டும்" என்று மட்டும் இருக்கிறது, சதுர சென்டிமீட்டருக்கா ஒரு ஸ்வாப்புக்கா என்றுகூட இல்லை. லேபிலிருந்து வருகிற ரிப்போர்ட் எல்லாம் சிஎஃப்யூ/ஸ்வாப், அதாவது ஒரு ஸ்வாப்பில் காலனியாக வளரக்கூடிய கிருமி எத்தனை என்றுதான். இதுவரை ஒன்றுகூட ஃபெயில் ஆனதில்லை, அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது போல.

எனக்குத் தெரிய வேண்டியது: எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிகளில் பரப்புக்கு என்று எண் ஏதாவது இருக்கிறதா? இரண்டு ஹாலுக்கும் ஒரே வரம்பு வைக்கலாமா, ஏனென்றால் மாவில் கிருமி இருப்பதுதான் அதன் பிழைப்பே, அங்கே கவுன்ட் எடுத்து என்ன செய்வது? ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆகிறது, அதற்குள் பன்னீர் கடைக்குப் போய், யாரோ வாங்கிக் குழம்பே வைத்திருப்பார்கள். அப்படியானால் இந்த ஸ்வாப்பை விட்டுவிட்டு உடனே ரீடிங் காட்டுகிற ஏடிபி மீட்டர் ஒன்று வாங்கினால் போதுமா? முதலாளி மீட்டர் வாங்கத் தயார், ஸ்வாப் செலவை நிறுத்தலாம் என்றால்.

லேப் மேசை

சார், முதலில் அளவின் அலகைச் சரி செய்யுங்கள், வரம்பு அப்புறம். கிண்டி பக்கம் ஒரு தனியார் லேபில் மைக்ரோ பார்க்கிறேன். எங்களுக்கு வருகிற ஸ்வாப்பில் பாதிக்கு மேல் எவ்வளவு பரப்பில் தேய்த்தார்கள் என்று எழுதியே இருக்காது. எழுதாமல் வந்தால் நாங்கள் சிஎஃப்யூ/ஸ்வாப் என்று போட்டுத்தான் அனுப்ப முடியும், வேறு வழியில்லை.

கணக்கைப் பாருங்கள். 10-க்கு 10 சென்டிமீட்டர் டெம்ப்ளேட் (நடுவில் சதுரம் வெட்டிய சட்டம்) வைத்து 100 சதுர சென்டிமீட்டர் தேய்க்கிறீர்கள், ஸ்வாப்பைப் போடுகிற குழாயில் 10 மில்லி திரவம், அதில் 1 மில்லியைக் கிருமி வளர்க்கிற தட்டில் ஊற்றுகிறோம். தட்டில் 7 காலனி வந்தால் குழாய் முழுக்க 70, அதை 100-ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.7. இதே 7 காலனி, ஃபில்லிங் நாசில் வாய் மாதிரி 20 சதுர சென்டிமீட்டர் இடத்தில் எடுத்தது என்றால் 3.5. ரிப்போர்ட்டில் இரண்டுக்குமே 70 சிஎஃப்யூ/ஸ்வாப் என்றுதான் இருக்கும், இரண்டும் உங்கள் 100-க்குள் பாஸ். ஐந்து மடங்கு வித்தியாசம் காணாமல் போய்விட்டது. உங்கள் எஸ்ஓபி-யின் 100-ஐ ஒருவர் ஸ்வாப்புக்கு என்றும் இன்னொருவர் சதுர சென்டிமீட்டருக்கு என்றும் படித்தால், அந்த 100 சதுர சென்டிமீட்டர் டெம்ப்ளேட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் நூறு மடங்கு.

ஒரு காலனிகூட வராவிட்டால் அது பூஜ்யம் இல்லை. மேலே சொன்ன கணக்கில் அது 0.1-க்குக் கீழ், அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடியும். 20 சதுர சென்டிமீட்டர் என்றால் 0.5-க்குக் கீழ். வரம்பு வைக்கும்போது இதை மனதில் வையுங்கள், லேபால் பார்க்கவே முடியாத எண்ணை வரம்பாக எழுதி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்றுகூட ஃபெயில் ஆனதில்லை என்கிறீர்கள். என்ன சானிடைசர் போடுகிறீர்கள்? க்யூஏசி (குவாட்டர்னரி அம்மோனியம்) வகை என்றால் அது பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்வாப்போடு சேர்ந்து குழாய்க்குள்ளும் வரும். குழாயில் வெறும் சலைன் (உப்புத் தண்ணீர்) இருந்தால் வண்டியில் லேபுக்கு வருகிற நேரமெல்லாம் சானிடைசர் வேலை செய்துகொண்டே இருக்கும், தட்டில் வளர வேண்டியது வளராது, ரிப்போர்ட் பளிச்சென்று வரும். க்யூஏசி-யை அடக்க லெசித்தினும் ட்வீன் 80-உம் வேண்டும், குளோரினுக்கு சோடியம் தயோசல்பேட். டி/ஈ பிராத் என்று ஊதா நிறத் திரவம் வரும், அதில் இதெல்லாம் சேர்ந்தே இருக்கும். சலைன் குழாய் விலை குறைவு என்பதால் பர்ச்சேஸில் அதைத்தான் வாங்குவார்கள். உங்கள் குழாய் என்ன நிறம் என்று முதலில் போய்ப் பாருங்கள்.

ஸ்வாப் எடுக்கும் முறைக்கு ஐஎஸ்ஓ 18593 என்கிற சர்வதேசத் தரம் இருக்கிறது, 2018 பதிப்பு. எப்படி எடுப்பது என்று சொல்லும், எத்தனை வரலாம் என்று சொல்லாது. கான்டாக்ட் பிளேட் (பரப்பில் நேராக அழுத்தி எடுக்கிற தட்டு) யோசனை இருந்தால் அதற்கும் ஒரு எச்சரிக்கை: அதன் பரப்பு சுமார் 25 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 10 என்று வரம்பு வைத்தால் தட்டில் 250 காலனி, அதற்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணவே முடியாது. தட்டையான மேசைக்குச் சரி, வளைவுக்கும் மூலைக்கும் ஸ்வாப்தான்.

ஸ்வாப் பரப்பில் இருக்கிற எல்லாக் கிருமியையும் எடுத்துவிடாது, ஒட்டிப் படலம் கட்டியிருந்தால் இன்னும் மோசம். அதனால் வருகிற எண்ணை உண்மையான கணக்கெடுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே இடம், அதே ஆள் பழகிய முறை, அதே குழாய் என்று வைத்துக்கொண்டு முந்தைய மாதத்தோடு ஒப்பிடத்தான் அது. நடுவில் லேபையோ குழாயையோ மாற்றினால் பழைய எண்களோடு புதியதைக் கோர்க்கக் கூடாது.

பழைய பால் ப்ளான்ட்

தம்பி, எஃப்எஸ்எஸ்ஏஐ-யில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2011 லைசென்சிங் விதிகளில் 4ஆம் அட்டவணை இருக்கிறதே, அது உணவு படும் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், துரு பிடிக்கக் கூடாது, கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்லும். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை என்று சொல்லாது. எண்கள் இருப்பது பொருளுக்கு, அதாவது பன்னீரை எடுத்து டெஸ்ட் செய்தால் எவ்வளவு வரலாம் என்பதற்கு. பரப்பு உங்கள் பொறுப்பு, எண்ணும் உங்கள் பொறுப்பு.

எல்லோரும் எடுத்துக் காட்டுகிற 10 என்கிற எண் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 2001-இல் இறைச்சிக் கூடங்களுக்காக ஒரு முடிவு போட்டார்கள், எண் 2001/471. கழுவிக் கிருமிநீக்கம் செய்த பரப்பில் மொத்த கவுன்ட் சதுர சென்டிமீட்டருக்கு 10 வரை சரி, என்டெரோபாக்டீரியேசியே (குடல் வகைக் கிருமிக் குடும்பம்) 1 வரை சரி. வேலை ஆரம்பிக்கும் முன்னால்தான் எடுக்க வேண்டும், நடுவில் எடுக்கக் கூடாது என்றும் இருந்தது. பிறகு 2073/2005 என்கிற விதி வந்ததும் அதை விலக்கிவிட்டார்கள். புது விதி பரப்பில் சாம்பிள் எடு என்கிறது, மொத்த கவுன்டுக்கு எண் கொடுக்கவில்லை. ஆக, ஊர் உலகமெல்லாம் சுற்றுகிற அந்த 10, வேறு தொழிலுக்குப் போட்டு, போட்டவர்களே எடுத்துவிட்ட எண். அதற்காக அது கெட்ட எண் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகக் கழுவிய ஸ்டீல் அதற்குக் கீழேதான் வரும், நிறையக் கீழேயே வரும். மேல்கூரையாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆடிட்டர் கேட்டால் "ஐரோப்பாவில் சொன்னார்கள்" என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள்.

சரியான பதில் உங்கள் ஹாலிலேயே இருக்கிறது. கெமிக்கல் அளவு, சூடு, நேரம் எல்லாம் எழுதினபடி நடந்து, டார்ச் அடித்துப் பார்த்தும் சுத்தம் என்று கையெழுத்துப் போட்ட நாட்களில் மட்டும் ஸ்வாப் எடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இருபது முப்பது எண்ணாவது சேரட்டும். எல்லா வகை நாளும் வர வேண்டும், ஞாயிறு மூடிக் கிடந்து திங்கள் காலை திறக்கிற நாள், நைட் ஷிஃப்ட் கழுவிய நாள், போர் தண்ணீர் போதாமல் லாரித் தண்ணீர் இறக்கிய நாள், ஐப்பசி மழையில் சுவரெல்லாம் வேர்க்கிற நாள். பிறகு எண்களை ஏறுவரிசையில் அடுக்குங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எந்த எண்ணுக்குக் கீழே விழுகிறதோ அதுதான் உங்கள் எச்சரிக்கை வரம்பு. சிலர் சராசரி எடுத்து இரண்டு எஸ்டி (திட்ட விலக்கம்) கூட்டுவார்கள். ஸ்வாப் எண்ணுக்கு அது ஒத்துவராது, ஏனென்றால் முக்கால்வாசி தரையோடு கிடக்கும், ஒன்றிரண்டு மட்டும் வானத்துக்குப் போகும், அந்த ஒன்றிரண்டு சராசரியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்படித்தான் செய்வேன் என்றால் லாக் (மடக்கை) எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

உதாரணத்துக்கு, பன்னீர் வெட்டுகிற மேசையில் தொண்ணூற்றைந்தாவது இடத்தில் 1.2 வந்தது என்று வைத்துக்கொள்வோம். எச்சரிக்கை 1 அல்லது 1.5. நடவடிக்கை வரம்பு 5 வைக்கலாம், 10-ஐத் தாண்டி எந்த இடத்துக்கும் வைக்க வேண்டாம். அதே முறையில் இன்னோர் இடத்தில் 40 வருகிறது என்றால் "எங்கள் டேட்டா 40 சொல்கிறது, அதனால் வரம்பு 40" என்று எழுதிவிடாதீர்கள். இப்படி அழுக்கை சட்டமாக்கிய ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன். 40 வந்தால் அந்த இடம் கழுவப்படவில்லை, அல்லது கழுவவே முடியாத மாதிரி செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது பன்னீருக்கு வருகிறேன். பாலை 90 டிகிரி பக்கம் காய்ச்சித் திரிக்கிறீர்கள், என்டெரோபாக்டீரியேசியே அந்தச் சூட்டில் பிழைக்காது. ஆகவே அதற்குப் பிறகு எங்கே வந்தாலும் வெளியிலிருந்து வந்ததுதான். மொத்த கவுன்டைவிட இதுதான் உங்களுக்கு வாய் திறந்து பேசும். வெட்டும் மேசை, கம்பி, பேக்கிங் தட்டு மூன்றிலும் அதை 1-க்குக் கீழே வையுங்கள், கண்ணில் பட்டாலே விசாரியுங்கள்.

விசாரிக்கும்போது மேசையிலேயே நிற்காதீர்கள். அழுத்துகிற துணியைப் பாருங்கள், மடிப்பு ஓரத்தில் தையல் இருக்கிற இடத்தைக் கசக்கி முகர்ந்தாலே பாதி தெரிந்துவிடும். அப்புறம் பன்னீரைக் குளிர வைக்கிற தண்ணீர்த் தொட்டி. அது பரப்பு இல்லை என்று ஸ்வாப் பட்டியலில் இருக்காது, ஆனால் ஒவ்வொரு கட்டியும் அதில் மூழ்கி எழுந்துதான் மேசைக்கு வருகிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறார்கள், எத்தனை டிகிரியில் ஓடுகிறது, குளோரின் மிச்சம் இருக்கிறதா? மேசையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருக்க, கிருமி தொட்டியிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

பரப்பில் இருக்கிற எண் பொருளில் எவ்வளவு ஏறும் என்று ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள், முதலாளிக்கும் காட்டலாம். மேசை, தட்டு, கம்பி சேர்த்து 5,000 சதுர சென்டிமீட்டர், எல்லா இடத்திலும் 10 இருக்கிறது, முழுதும் பன்னீரில் ஒட்டிக்கொள்கிறது என்றால் 50,000. 100 கிலோ பேட்சில் அது கலந்தால் கிராமுக்கு அரை. ஒன்றுமே இல்லை. ஆனால் நடப்பு அப்படி இல்லை, காலையில் முதலில் போகிற இரண்டு கிலோதான் மேசையைத் துடைத்துக்கொண்டு போகும், அதில் கிராமுக்கு 25. அதுவும் மொத்த கவுன்ட் என்றால் பெரிய விஷயமில்லை, என்டெரோ என்றால் ஃப்ரிட்ஜ் சரியில்லாத கடையில் அதுவே பெருகும். வரம்பைப் பொருளோடு கட்டுவது இப்படித்தான்.

ஸ்பானர் பாண்டி

நான் க்யூஏ இல்லை, மெயின்டனன்ஸ். ஆனால் இந்த ஸ்வாப் எடுக்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மெஷினிலேயே வழவழப்பான, கைக்கு எட்டுகிற, பளபளப்பான தகட்டில் நல்லா சதுரமாக டெம்ப்ளேட் வைத்து எடுப்பார்கள். அங்கே எப்படி ஃபெயில் ஆகும்?

மாவு ஃபில்லிங் மெஷினில் ஹாப்பருக்கும் பிஸ்டன் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு கேஸ்கெட் வரும், கிளாம்பைக் கழற்றி அதை வெளியே எடுத்துப் பாருங்கள். உள் ஓரத்தில் காய்ந்த மாவு ஒரு வளையம் மாதிரி உட்கார்ந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் உரியும், அடியில் பழுப்பு நிறம், புளித்த வாடை. வெளியே எல்லாம் கழுவி முடித்து சானிடைசர் அடித்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும், ஏனென்றால் கழற்ற வேண்டும் என்று கழுவுகிறவர்களுக்குச் சொன்னதே இல்லை, ஸ்பானரும் என்னிடம்தான் இருக்கிறது. கருப்பு ரப்பர் என்றால் வெடிப்பு தெரியவும் தெரியாது. வெள்ளை சிலிகான் வாங்கிப் போடுங்கள், கறை தெரியும், மாற்ற வேண்டிய நேரமும் தெரியும்.

கிரைண்டர் கல்லுக்கு ஸ்டீல் வரம்பைப் போடாதீர்கள். கருங்கல் கொத்து விட்ட பரப்பு, குழிக்குள் மாவு ஏறி நிற்கும், உளுந்தின் வழவழப்பு வேறு பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஸ்வாப் மேலே மேலேதான் தடவும். கல்லுக்கு நாங்கள் கண்டது, கடைசியாக ஓட்டுகிற சுத்தத் தண்ணீரைப் பிடித்து அதை லேபுக்கு அனுப்புவது. கல் சுற்றும்போது குழியில் இருப்பது கொஞ்சமாவது வெளியே வரும்.

அம்பத்தூர் க்யூஏ

எல்லோருக்கும் நன்றி. முதலில் குழாயைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, சலைன். சானிடைசர் க்யூஏசி, 200 பிபிஎம். இனி சொல்ல என்ன இருக்கிறது. பர்ச்சேஸுக்கு டி/ஈ கேட்டு இன்டென்ட் போட்டாயிற்று.

பாண்டி அண்ணன் சொன்ன கேஸ்கெட்டையும் கழற்றச் சொன்னேன். படம் போட மனசு வரவில்லை.

மாவு ஹால் மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. ஊற வைத்த அரிசி உளுந்திலேயே எல்லா வகையும் இருக்கும், கோலிஃபார்ம் உட்பட. வீட்டில் எப்படியும் ஆவியில் வேகத்தான் போகிறது. அங்கே வரம்பு என்று ஒன்று எதற்கு? ஏடிபி பற்றியும் யாரும் சொல்லவில்லை. லிஸ்டீரியா என்கிற நோய்க்கிருமியையும் பரப்பில் பார்க்க வேண்டும் என்று ஆடிட்டர் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார், அதற்கும் என்ன வரம்பு?

லேப் மேசை

மாவு ஹாலில் நீங்கள் தடுப்பது நோயை இல்லை சார், பை உப்புவதை. உங்களுக்கு வருகிற புகாரில் பாதி "பை உப்பிவிட்டது" என்றுதானே இருக்கும்? நேற்றைய மாவு கேஸ்கெட்டில் மிச்சம் இருந்தால் இன்றைய பேட்சுக்கு அதுவே உறை மோர். லியூகோநாஸ்டாக் மாதிரி வாயு விடுகிற லாக்டிக் (புளிக்க வைக்கிற) வகைகள் அதில் தயாராக இருக்கும், பை கடைக்குப் போகும் முன்னாலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். அதனால் அங்கே ஓட்டத்தின் நடுவில் எடுத்துப் பிரயோஜனமில்லை, கழுவி முடித்த பிறகு மட்டும் எடுங்கள். மொத்த கவுன்ட் எடுக்கிற சாதாரண பிசிஏ தட்டில் லாக்டிக் வகைகள் சரியாக வளராது, குண்டூசி முனை மாதிரி தெரிந்தும் தெரியாமலும் வரும், அதனால் லாக்டிக் வகைக்கென்றே இருக்கிற எம்ஆர்எஸ் தட்டிலும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். கூடவே ஈஸ்ட். பை உப்பின நாளையும் நாசில் எண்ணையும் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள், உங்கள் வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். பன்னீர் மேசை எண்ணை அங்கே கொண்டுபோய் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஏடிபி மீட்டர் வாங்குங்கள், நல்ல சாமான். ஆனால் அது கிருமியை எண்ணவில்லை. ஏடிபி என்பது உயிருள்ள செல்களில் இருக்கும் ஒரு பொருள், பாலிலும் மாவிலும் அது இருக்கிறது, கழுவாத மிச்சம் இருந்தால் எகிறும். மிச்சமே இல்லாமல் சில ஆயிரம் பாக்டீரியா மட்டும் இருந்தால் கண்டுகொள்ளாது. அது தருகிற ஆர்எல்யூ (ஒளி அளவு) எண் மீட்டருக்கு மீட்டர் வேறு, ஒரு கம்பெனி மீட்டரில் 30 என்பது இன்னொன்றில் வேறு எங்கோ இருக்கும், சிஎஃப்யூ-வாக மாற்ற ஃபார்முலா கேட்டு யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். சானிடைசர் அடிப்பதற்கு முன்னால், சோப்பு கழுவி அலசியதும் மீட்டரை வையுங்கள், சானிடைசர் சில சமயம் ரீடிங்கைக் கெடுக்கும். உங்கள் மூன்று நாள் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது: காலையில் லைனை விடலாமா வேண்டாமா என்பதை டார்ச், ஏடிபி, சானிடைசர் அளவு காட்டுகிற ஸ்ட்ரிப் மூன்றும் முடிவு செய்யட்டும். ஸ்வாப், அந்த மூன்றும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வாராவாரம் சரிபார்க்க. ஒன்றை வாங்கி இன்னொன்றை நிறுத்த முடியாது என்று முதலாளியிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆடிட் நோட்டு

ஆடிட் செய்கிற ஆள் என்கிற முறையில் லிஸ்டீரியாவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அதற்கு வரம்பு என்று எண் கிடையாது. இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். அதுவும் உணவு படும் பரப்பில் நேரடியாக லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் (அதில் நோய் தருகிற வகை) தேடுவதற்கு முன்னால், வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுத் தேடுங்கள். அமெரிக்காவில் சாப்பிடத் தயாரான இறைச்சிக்கு, பரப்பில் அது வந்தால் அந்தப் பரப்பைத் தொட்ட சரக்கே கெட்டது என்று விதி. நம் ஊரில் பன்னீருக்கு அப்படி எழுதியிருக்கிறதா என்பது ஒரு பக்கம், தெரிந்த பிறகு அந்தப் பேட்சை எப்படி அனுப்புவீர்கள்? அதனால் பெரும்பாலானவர்கள் லிஸ்டீரியா பேரினம் முழுவதையும் அடையாளமாகப் பார்ப்பார்கள், முதலில் தரை, வடிகால், டிராலிச் சக்கரம், ஏசி தண்ணீர் சொட்டுகிற இடம், மெஷின் கால். அங்கே பிடித்து அங்கேயே ஒழித்தால் மேசைக்கு வராது. மேசையில் எடுக்கிற அன்றைக்கு அந்த பேட்சை ரிசல்ட் வரும்வரை நிறுத்தி வைக்க முடிந்தால் மட்டும் எடுங்கள்.

இதற்கு நேரம் வேறு. கழுவின கையோடு எடுத்தால் ஒன்றும் வராது. ஓட்டம் ஆரம்பித்து மூன்று நான்கு மணி நேரம் கழித்து எடுங்கள், மெஷின் அதிர்ந்து ஈரம் கசிந்து, உள்ளே ஒளிந்திருப்பது அப்போதுதான் வெளியே வரும். 2008-இல் கனடாவில் இறைச்சி வெட்டும் ஸ்லைசருக்கு உள்ளே, தினசரி கழுவும்போது எட்டாத இடத்தில் லிஸ்டீரியா தங்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கம்பெனி தினமும் கழுவிக்கொண்டுதான் இருந்தது, டெஸ்டும் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. நடுநடுவே பாசிட்டிவ் வந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழுவிச் சரிசெய்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து யாரும் பார்க்கவில்லை.

நான் ஃபைலைப் புரட்டும்போது பார்ப்பதும் அதைத்தான். வரம்பு 5-ஆ 10-ஆ என்று சண்டை போட மாட்டேன். ஃபெயில் ஆன ரிப்போர்ட் ஒன்றைக் காட்டுங்கள் என்பேன். அதற்குப் பிறகு "மீண்டும் கழுவினோம், மீண்டும் எடுத்தோம், பாஸ்" என்று மட்டும் இருந்தால் எனக்குத் திருப்தி இல்லை. கழற்றிப் பார்த்தார்களா, சானிடைசர் அளவை அன்றைக்கு யார் கலந்தார், அலசின தண்ணீர் சம்ப்பிலிருந்தா மேல் தொட்டியிலிருந்தா, அந்தத் தண்ணீரை டெஸ்ட் செய்தார்களா, இதே இடம் முன்னால் எச்சரிக்கை வரம்பைத் தொட்டிருக்கிறதா? எச்சரிக்கை வரம்பை ஒரே இடம் அடுத்தடுத்து மூன்று முறை தொட்டால் அதை ஃபெயில் மாதிரியே நடத்துங்கள் என்று எஸ்ஓபி-யில் ஒரு வரி சேருங்கள். ஒருமுறை 12 வந்துவிட்டுப் போவதைவிட, 2, 3, 4 என்று மெல்ல ஏறுவது எனக்கு அதிகக் கவலை.

அம்பத்தூர் க்யூஏ

சரி, இப்போதைக்கு எழுதிக்கொண்டது இது. எஸ்ஓபி-யில் 100-ஐ அடித்துவிட்டு எல்லாம் சதுர சென்டிமீட்டருக்கு என்று மாற்றுகிறேன். டி/ஈ குழாய் வந்ததும் பழைய ரிப்போர்ட்டுகளை ஓரம் கட்டிவிட்டு டேட்டா முதலிலிருந்து, அதுவரை தற்காலிகமாக பன்னீர் ஹாலுக்கு மொத்தம் 10, என்டெரோ 1. மாவு ஹாலுக்குத் தனித் தாள், எம்ஆர்எஸ், ஈஸ்ட், கல்லுக்கு அலசின தண்ணீர். ஸ்வாப் இடங்களை பாண்டி அண்ணன் மாதிரி எங்கள் மெயின்டனன்ஸ் ஆளைக் கூட்டிப்போய், கழற்றி வைத்துத் தேர்வு செய்கிறேன். குளிர்த் தொட்டித் தண்ணீரும் பட்டியலில் சேர்ந்தாயிற்று, அதை எப்போது கடைசியாக மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு ஷிஃப்டில் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள்.

ஒரே ஒரு சின்னச் சந்தேகம். டெம்ப்ளேட் எங்கே வாங்குவது? ஆன்லைனில் ஒருமுறை பயன்படுத்திப் போடுகிறதுதான் வருகிறது, எண்ணிக்கையைப் பெருக்கினால் முதலாளி என்னையே போட்டுவிடுவார்.

ஸ்பானர் பாண்டி

எதற்கு வாங்க வேண்டும்? பாரிமுனையில் ஸ்டீல் கடையில் 304 தகட்டுத் துண்டு வாங்கி, உள்ளே 10-க்கு 10 வெட்டி, ஓரத்தை மழித்துத் தரச் சொல்லுங்கள், பத்து இருபது சேர்த்தே அடித்துக்கொள்ளலாம். நாசிலுக்கு 5-க்கு 4-இல் மெல்லிய தகடு, வளையும்.

லேப் மேசை

வெட்டியதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி எங்களிடம் அனுப்புங்கள், ஆட்டோகிளேவில் போட்டுத் தருகிறோம். ஓர் இடத்துக்கு ஒரு டெம்ப்ளேட், அடுத்த இடத்துக்கு அதையே துடைத்து வைக்கிற வேலை வேண்டாம். அன்றைக்கு எடுக்கிற குழாய்க் கட்டிலிருந்து ஒன்றை மட்டும் திறந்து, எதையும் தொடாமல் மூடி, கன்ட்ரோல் என்று எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். ஐஸ் பெட்டியில், அன்றைக்கே.